அணுக்கள் ஏன் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கின்றன? சகப்பிணைப்பு பற்றி ஒரு விரிவான பதில்

கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சகப்பிணைப்பில் அணுக்கள் எதற்காக எலக்ட்ரான்களைப் பகிர வேண்டும்? வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்பது ஓர் அணுவுக்கு எப்படித் தெரியும்? சகப்பிணைப்பு அவ்வளவு வலுவானது என்றால் மெழுகு ஏன் இளஞ்சூட்டிலேயே உருகிவிடுகிறது? பாடப்புத்தகங்கள் வேகமாகத் தாண்டிப்போகும் இடங்களில்தான் இந்த மூன்றும் எழுகின்றன. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இரண்டு அணுக்கள் விலகி இருக்கும்போது உள்ள மொத்த ஆற்றலைவிட, சேர்ந்திருக்கும்போது உள்ள ஆற்றல் குறைவு. அதனால் சேர்கின்றன. அவ்வளவுதான் காரணம். எட்டு, மந்த வாயு அமைப்பு என்பதெல்லாம் அந்தச் சேர்க்கை எப்படி முடியும் என்று முன்கூட்டியே கணிக்க உதவும் கணக்கு வழிகள். "அணு நிலைத்தன்மை பெற விரும்புகிறது" என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் எந்த அணுவும் எதையும் விரும்புவதில்லை. அந்த வாக்கியத்தை நம்பிக்கொண்டு மேலே படிக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

ஆற்றல் எப்படிக் குறைகிறது என்பதைப் பார்க்க ஹைட்ரஜனைவிட எளிய உதாரணம் இல்லை. இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு புரோட்டான், ஓர் எலக்ட்ரான். வெகு தூரத்தில் இருக்கும்போது ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. நெருங்க நெருங்க ஒரே நேரத்தில் பல விசைகள் வேலை செய்யத் தொடங்கும். இரண்டு புரோட்டான்களும் ஒன்றையொன்று விலக்கும். இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று விலக்கும். ஆனால் முதல் அணுவின் எலக்ட்ரானை இரண்டாவது அணுவின் கரு இழுக்கும், அதேபோல் மறுபக்கமும். விலக்கம் இரண்டு, புதிய ஈர்ப்பு இரண்டு. இதில் யார் ஜெயிப்பார்கள் என்பது எலக்ட்ரான்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

எலக்ட்ரான் இரண்டு கருக்களுக்கும் நடுவில் இருந்தால் இரண்டையும் தன் பக்கம் இழுக்கும். அதாவது கருக்களை ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். மாறாக, அது ஒரு கருவுக்குப் பின்புறம் இருந்தால், பக்கத்தில் உள்ள கருவை அதிகமாகவும் தூரத்தில் உள்ளதைக் குறைவாகவும் இழுக்கும். கருக்கள் பிரிவதற்கே அது உதவும். சகப்பிணைப்பு உருவாகிறது என்றால் நடுப்பகுதியில் எலக்ட்ரான் அடர்த்தி கூடியிருக்கிறது என்று பொருள். "பகிர்தல்" என்று சொல்வது இதைத்தான். எலக்ட்ரான் ஒரு முறை இங்கே, ஒரு முறை அங்கே என்று முறைவைத்துப் போய்வருவதில்லை. இரண்டு கருக்களையும் சுற்றிப் பரவிய ஒரே மேகமாக இருக்கிறது. அந்த மேகம் நடுவில் சற்றுத் தடிப்பாக இருக்கிறது.

இதில் குவாண்டம் இயல்பு சேர்க்கும் இன்னொரு பகுதியும் உண்டு. எலக்ட்ரானைச் சிறிய இடத்தில் அடைத்தால் அதன் இயக்க ஆற்றல் கூடும். இரண்டு கருக்களைச் சுற்றியும் உலவ இடம் கிடைக்கும்போது அந்த நெருக்கடி தளர்கிறது. பிணைப்புக்கு முதன்மைக் காரணம் கருக்களின் கூடுதல் ஈர்ப்பா, இந்தத் தளர்வா என்று கோட்பாட்டு வேதியியலாளர்கள் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். அடிப்படைப் பாடத்துக்கு முதல் விளக்கமே போதும். ஆனால் எளிய ஈர்ப்பு விளக்கத்தோடு கதை முடிந்துவிடவில்லை என்பது நினைவில் இருக்கட்டும்.

சரி, ஈர்ப்பு ஜெயிக்கிறது என்றால் இரண்டு அணுக்களும் ஏன் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடுவதில்லை? மிக நெருங்கிவிட்டால் புரோட்டான்களின் விலக்கம் மிகக் கடுமையாகிவிடும், அதனால்தான். ஈர்ப்பும் விலக்கமும் சமன்படும் ஒரு தூரம் இருக்கிறது. ஹைட்ரஜனுக்கு அது 74 பிகோமீட்டர் (ஒரு பிகோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). இதுதான் பிணைப்பு நீளம். அந்த நிலையில் உள்ள மூலக்கூறுகளை மறுபடி தனித்தனி அணுக்களாகப் பிரிக்க ஒரு மோலுக்கு (வேதியியலில் துகள்களை எண்ணும் அலகு, சுமார் 6 × 10²³ துகள்கள்) 436 கிலோஜூல் கொடுக்க வேண்டும். இது பிணைப்பு ஆற்றல். ஹைட்ரஜன் அணுவின் ஆரமாகக் கொள்ளப்படும் போர் ஆரம் சுமார் 53 பிகோமீட்டர். இரண்டு அணுக்களும் வெறுமனே தொட்டுக்கொண்டு நின்றால் இடைவெளி 106 ஆக இருக்க வேண்டும். 74 என்றால் இரண்டு மேகங்களும் நன்றாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. ஆர்பிட்டால்களின் (எலக்ட்ரான் மேகம் பரவியிருக்கும் பகுதிகளின்) மேற்பொருந்துதல் என்று புத்தகத்தில் வருவது இதுதான். நீளம் என்று ஒரே எண்ணைச் சொன்னாலும் அணுக்கள் அந்த இடத்தில் அசையாமல் நிற்பதில்லை. சுருள்வில்லில் மாட்டிய இரண்டு குண்டுகளைப் போல அந்தத் தூரத்தை ஒட்டி அதிர்ந்துகொண்டே இருக்கின்றன.

எலக்ட்ரான்கள் ஏன் இணையாகவே பகிரப்படுகின்றன? ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இருக்க முடியாது, அந்த இரண்டும் எதிரெதிர் தற்சுழற்சி கொண்டவையாக இருக்க வேண்டும் என்பது பௌலியின் தவிர்க்கைத் தத்துவம். நடுவில் அடர்த்தி கூடிய அந்தப் பிணைப்பு ஆர்பிட்டாலிலும் இரண்டுக்குத்தான் இடம். இரண்டும் நிரம்பிவிட்டால், மூன்றாவதாக வரும் எலக்ட்ரான் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குப் போக வேண்டியதுதான். அங்கே நடுப்பகுதியில் அடர்த்தி குறைவு, பின்புறங்களில் அதிகம். ஹீலியம் ஏன் ஈரணு மூலக்கூறாக இருப்பதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. இரண்டு ஹீலியம் அணுக்கள் சேர்ந்தால் மொத்தம் நான்கு எலக்ட்ரான்கள். இரண்டு பிணைக்கும், மற்ற இரண்டு பிரிக்கும். மிச்சம் ஒன்றுமில்லை.

இணை என்பதும் மீறவே முடியாத ஒன்றல்ல. ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டால் கிடைக்கும் நேர்மின் அயனியில் இரண்டு புரோட்டான்களுக்கு நடுவே ஒரே ஓர் எலக்ட்ரான்தான். அப்போதும் பிணைப்பு இருக்கிறது. நீளம் 106 பிகோமீட்டராகக் கூடுகிறது, ஆற்றல் மோலுக்குச் சுமார் 256 கிலோஜூலாகக் குறைகிறது. அதாவது ஒற்றை எலக்ட்ரானே பாதிக்கு மேல் வேலையைச் செய்துவிடுகிறது. ஓர் இணை இருந்தால்தான் பிணைப்பு என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்.

இப்போது எட்டுக்கு வருவோம். "எட்டு எலக்ட்ரான் கிடைத்தால் அணு நிம்மதியடையும்" என்ற எண்ணத்தைச் சோடியத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள். சோடியத்தின் வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான்; அதை உதறினால் உள்ளே இருக்கும் எட்டு வெளியே தெரியும். எட்டுதான் குறிக்கோள் என்றால் அது தானாகவே உதறியிருக்க வேண்டும். ஆனால் அந்த எலக்ட்ரானைப் பிடுங்க நாம் மோலுக்கு 496 கிலோஜூல் செலவழிக்க வேண்டியிருக்கிறது. குளோரின் அணு அதை வாங்கிக்கொண்டு திருப்பித் தருவது 349 கிலோஜூல்தான். எலக்ட்ரான் கைமாறியதோடு கணக்கை நிறுத்தினால் 147 கிலோஜூல் நட்டம். பிறகு உப்பு ஏன் உருவாகிறது? எதிரெதிர் அயனிகள் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது வெளிப்படும் ஆற்றல் அந்த நட்டத்தை ஈடுகட்டி அதற்கு மேலும் தருகிறது. எட்டு என்பது கணக்கு லாபத்தில் முடிந்த பிறகு நாம் பார்க்கும் எண்.

கார்பனில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது. உப்பைப் போல எலக்ட்ரான் கைமாறும் அயனிப் பிணைப்பில் ஈடுபட வேண்டுமென்றால் கார்பன் நான்கு எலக்ட்ரான்களை இழக்க வேண்டும். அந்த நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்க மோலுக்கு ஏறத்தாழ 14,300 கிலோஜூல் ஆகும். எந்தப் படிகத்தாலும் எளிதில் ஈடுகட்ட முடியாத தொகை. நான்கை வாங்கிக்கொள்வதும் முடியாது. ஏற்கெனவே எதிர்மின் சுமை சேர்ந்த அணு அடுத்த எலக்ட்ரானை வரவிடாமல் தள்ளும். ஆகவே கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை, பகிர்வுதான்.

நான்கு பிணைப்பு எப்படி வருகிறது என்பதும் ஆற்றல் கணக்குதான். தனி கார்பன் அணுவில் இணையாகாத எலக்ட்ரான்கள் இரண்டுதான் உண்டு. அப்படியே விட்டால் அது இரண்டு பிணைப்பு மட்டுமே தர வேண்டும். வெளிக்கூட்டில் எஸ், பி என இரண்டு வகை ஆர்பிட்டால்கள் உண்டு. எஸ் ஆர்பிட்டாலில் இணையாக இருக்கும் இரண்டில் ஒன்றைப் பி ஆர்பிட்டாலுக்கு ஏற்றினால் நான்கும் தனித்தனியாகிவிடும். ஏற்றச் செலவு மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல். ஆனால் அதனால் கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒவ்வொன்றும் 413 கிலோஜூல் அளவில் திருப்பித் தருகின்றன. லாபம் தெளிவு. இதனால்தான் மீத்தேன் இருக்கிறது. நான்கு பிணைப்பும் ஒரே மாதிரி இருப்பதை விளக்க எஸ், பி ஆர்பிட்டால்களைக் கலந்து நான்கு சம ஆர்பிட்டால்களாக எழுதுவார்கள். அதற்கு இனக்கலப்பு என்று பெயர். இந்த ஏற்றம், கலப்பு எல்லாம் நாம் காகிதத்தில் போடும் படிநிலைகள். முதலில் ஏறி, அப்புறம் கலந்து, பிறகு பிணைந்தது என்று அணுவுக்குள் ஒரு நிகழ்ச்சி நிரல் நடப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

வெளிக்கூட்டில் எட்டு வேண்டும் என்ற எண்ம விதியைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் ஆகிய நான்குக்கும் அது அருமையாக வேலை செய்கிறது. காரணம் எளிது: இரண்டாம் கூட்டில் ஓர் எஸ், மூன்று பி என மொத்தம் நான்கு ஆர்பிட்டால்கள்; ஒவ்வொன்றிலும் இரண்டு; ஆக எட்டு. கரிம வேதியியல் பெரும்பாலும் இந்த நான்கு தனிமங்களையும் ஹைட்ரஜனையும் வைத்தே ஓடுவதால் விதி எங்கும் செல்லுபடியாவது போலத் தோன்றுகிறது. போரான் ட்ரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறுதான். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் பாஸ்பரஸைச் சுற்றி பத்து. சல்பர் ஹெக்ஸாஃபுளூரைடில் பன்னிரண்டு. எட்டைத் தாண்டியதால் அது நிலையற்றதாக இருக்கும் என்று நினைத்தால், மின்கருவிகளில் காப்பு வாயுவாகப் பயன்படும் அளவுக்கு அது மந்தமானது. நைட்ரிக் ஆக்சைடில் மொத்த இணைதிறன் எலக்ட்ரான்கள் பதினொன்று, ஒற்றைப்படை. எப்படிப் பிரித்தாலும் இரண்டு அணுவுக்கும் எட்டு வராது. 1962-இல் வேதியியலாளர் நீல் பார்ட்லெட் செனான் சேர்மம் ஒன்றைத் தயாரித்துக் காட்டியபோது, எட்டு நிரம்பிய மந்த வாயுவே வினைபுரியும் என்பதும் தெரிந்துபோனது.

ஒரு மூலக்கூறில் எத்தனை பிணைப்பு என்று கண்டுபிடிக்க எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வரையும் லூயிஸ் புள்ளி அமைப்பே இன்றும் விரைவான வழி. வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் 1916-இல் எலக்ட்ரான் இணை என்ற கருத்தை முன்வைத்தார். சகப்பிணைப்புக்கு இப்போது வழங்கும் ஆங்கிலப் பெயரை 1919-இல் இர்விங் லாங்மியூர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அந்த இணை ஏன் அணுக்களைப் பிணைக்கிறது என்பதை லூயிஸால் சொல்ல முடியவில்லை. குவாண்டம் இயந்திரவியல் அப்போது பிறக்கவில்லை. 1927-இல்தான் இயற்பியலாளர்கள் வால்டர் ஹைட்லரும் ஃபிரிட்ஸ் லண்டனும் ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு அந்தக் கணக்கைப் போட்டார்கள். காரணம் தெரியாமலேயே சரியான படத்தை வரைந்தது லூயிஸின் கெட்டிக்காரத்தனம்.

முறை இதுதான். எல்லா அணுக்களின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களையும் கூட்டுங்கள். கார்பன் டைஆக்சைடில் 4, 6, 6 சேர்ந்து 16. கார்பனை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஒற்றைப் பிணைப்பு போட்டால் 4 செலவு, மிச்சம் 12. அதை இரண்டு ஆக்சிஜனுக்கும் ஆறாறாகக் கொடுத்தால் அவற்றுக்கு எட்டு வந்துவிடும், கார்பனுக்கு நான்குதான் இருக்கும். எனவே ஒவ்வோர் ஆக்சிஜனிலிருந்தும் ஒரு தனித்த இணையை (பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான்களை) நடுவுக்குக் கொண்டுவந்து இரட்டைப் பிணைப்பாக்குங்கள். முடிந்தது. நைட்ரஜன் மூலக்கூறில் மொத்தம் 10. இதே வழியில் போனால் முப்பிணைப்பு கிடைக்கும், ஒவ்வொரு நைட்ரஜனிலும் ஒரு தனித்த இணை மிஞ்சும்.

இரட்டைப் பிணைப்பு என்றால் ஒரே மாதிரி இரண்டு பிணைப்பு என்று நினைப்பது இயல்பு. அது சரியல்ல. முதல் பிணைப்பு இரண்டு கருக்களையும் இணைக்கும் கோட்டின் மீதே அமைகிறது, அது சிக்மா. அந்த இடத்தில் இன்னோர் இணைக்கு வழியில்லை. இரண்டாவது இணை அந்தக் கோட்டுக்கு மேலும் கீழுமாகப் பக்கவாட்டில் மேற்பொருந்துகிறது, அது பை. பக்கவாட்டு மேற்பொருத்தம் கார்பனில் கொஞ்சம் பலவீனமானது. கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பின் ஆற்றல் சுமார் 347 கிலோஜூல், நீளம் 154 பிகோமீட்டர். இரட்டைக்கு 614, 134. முப்பிணைப்புக்கு 839, 120. 347-இன் இரு மடங்கு 694. இரட்டைப் பிணைப்பு அதை எட்டவில்லை. எத்திலீன் போன்ற சேர்மங்கள் பை பிணைப்பை எளிதில் விட்டுக்கொடுத்து வேறு அணுக்களைச் சேர்த்துக்கொள்வதற்கு இதுதான் அடிப்படை. பை பிணைப்பு இருக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் திருக முடியாது என்பதும் முக்கியம். திருகினால் மேற்பொருத்தம் உடைந்துவிடும். ஒரே அணுக்குழுக்கள் ஒரே பக்கத்தில் இருந்தால் சிஸ், எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தால் டிரான்ஸ் என்று இரண்டு வேறு சேர்மங்கள் கிடைப்பது இதனால்.

நைட்ரஜனில் கதை தலைகீழ். ஒற்றைப் பிணைப்பு 160 கிலோஜூலை ஒட்டி, மிகப் பலவீனம். முப்பிணைப்பு 945, மூன்று மடங்கைவிட மிக அதிகம். இரண்டு சிறிய அணுக்கள் நெருங்கி நிற்கும்போது அவற்றின் தனித்த இணைகள் ஒன்றையொன்று தள்ளுவது ஒற்றைப் பிணைப்பைத் தளர்த்துகிறது. ஃபுளூரினிலும் இதே தொல்லை: அதன் மூலக்கூறில் பிணைப்பு ஆற்றல் 158, அளவில் பெரிய குளோரினில் 243. சிறிய அணு என்றால் வலுவான பிணைப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட முடியாது. நைட்ரஜன் நிறைந்த சேர்மங்கள் பல வெடிப்பதற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. பலவீனமான பிணைப்புகளை விட்டுவிட்டு, அந்த அசாத்திய முப்பிணைப்புக்குப் போகும்போது பெரும் ஆற்றல் வெளிப்படுகிறது.

ஆற்றல் என்றதும் ஒரு தவறான கருத்தை இங்கேயே களைந்துவிடுகிறேன், ஏனென்றால் உயிரியல் பாடத்தில்கூட இது புகுந்துவிட்டது. "பிணைப்பில் ஆற்றல் சேமிக்கப்பட்டுள்ளது, உடைத்தால் வெளிவரும்" என்பார்கள். எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் கொடுத்தாக வேண்டும். வெளிவருவது புதிய பிணைப்பு உருவாகும்போது. மீத்தேன் எரிவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகளை உடைக்க 1,652. இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளை உடைக்க 996. மொத்தச் செலவு 2,648 கிலோஜூல். கார்பன் டைஆக்சைடின் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் தருவது 1,598. இரண்டு நீர் மூலக்கூறுகளின் நான்கு பிணைப்புகள் தருவது 1,852. மொத்த வரவு 3,450. வித்தியாசம் 802. மீத்தேன் எரிந்து நீராவி உண்டாகும்போது அளந்து பார்த்த வெப்பமும் அதே அளவுதான். தீயின் சூடு மீத்தேனின் பிணைப்புகளுக்குள் பதுங்கியிருக்கவில்லை.

அடுத்து, பகிர்வு எப்போதும் சமமாக இருக்குமா? ஒரே தனிமத்தின் இரண்டு அணுக்கள் என்றால் சமம். வேறு வேறு என்றால் ஒரு பக்கம் சாயும். எந்தப் பக்கம் என்று சொல்ல பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறனான எலக்ட்ரான் கவர்திறன் உதவுகிறது. வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1932-இல் வகுத்த அளவுகோலின் இன்றைய மதிப்புகளில் ஃபுளூரினுக்கு 3.98, ஆக்சிஜனுக்கு 3.44, குளோரினுக்கு 3.16, கார்பனுக்கு 2.55, ஹைட்ரஜனுக்கு 2.20, சோடியத்துக்கு 0.93. ஹைட்ரஜன் குளோரைடில் மேகம் குளோரின் பக்கம் சாய்கிறது. எவ்வளவு? அதன் இருமுனைத் திருப்புத்திறனையும் (மின்சுமை எவ்வளவு பிரிந்திருக்கிறது என்பதன் அளவு) பிணைப்பு நீளத்தையும் வைத்துக் கணக்கிட்டால், ஒரு முழு எலக்ட்ரான் மாறியிருந்தால் வந்திருக்கும் மதிப்பில் ஏறத்தாழ 18 சதவீதம். ஹைட்ரஜன் ஃபுளூரைடில் சுமார் 41. உப்பைச் சூடாக்கி வாயு நிலையில் தனி மூலக்கூறாக அளந்தால்கூட 79 அளவில்தான் வருகிறது, 100 அல்ல.

அதனால் அயனிப் பிணைப்பு ஒரு பெட்டி, சகப்பிணைப்பு இன்னொரு பெட்டி என்று பிரிப்பது வசதிக்காக மட்டுமே. நடுவில் தொடர்ச்சியாகப் பல நிலைகள் உண்டு. உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிச் சேர்மம் என்ற விதியையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அலுமினியம் குளோரைடு சுமார் 180 டிகிரி செல்சியஸில் பதங்கமாகி, இரண்டிரண்டாகச் சேர்ந்த மூலக்கூறுகளாக வாயுவில் உலவுகிறது. அயனிச் சேர்மத்தின் நடத்தை அப்படி இருக்காது.

மூலக்கூறின் வடிவம் தனியாக ஒரு பெரிய பாடம். இங்கே தேவையான அளவு மட்டும் சொல்கிறேன். நடு அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இணைகள் ஒன்றையொன்று தள்ளி, முடிந்தவரை விலகி நிற்கின்றன. மீத்தேனில் கோணம் 109.5 டிகிரி. தனித்த இணை சற்று அதிக இடம் பிடிப்பதால் அம்மோனியாவில் 107, நீரில் 104.5. நீர் வளைந்திருப்பதால் அதன் இரண்டு பிணைப்புகளின் சாய்வும் சேர்ந்து முனைவுள்ள (மின்சுமை ஒரு பக்கம் சாய்ந்த) மூலக்கூறாகிறது. கார்பன் டைஆக்சைடு நேர்கோடாக இருப்பதால், பிணைப்புகள் சாய்ந்திருந்தாலும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. பிணைப்புக்கு முனைவு இருப்பதும் மூலக்கூறுக்கு முனைவு இருப்பதும் வேறு வேறு விஷயங்கள்.

ஈதல் சகப்பிணைப்பு பற்றியும் பலர் கேட்பதுண்டு. அம்மோனியாவின் தனித்த இணையை ஒரு ஹைட்ரஜன் அயனி எடுத்துக்கொண்டு அம்மோனியம் அயனி உருவாகிறது. இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே பக்கத்திலிருந்து வந்தன, அவ்வளவுதான். உருவான பிறகு நான்கு நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளும் ஒன்றுபோல்தான் இருக்கும். எது ஈதல் பிணைப்பு என்று எந்தக் கருவியாலும் காட்ட முடியாது. ஈதல் பிணைப்புக்குப் புத்தகத்தில் போடும் அம்புக்குறி, அந்தப் பிணைப்பு எப்படிப் பிறந்தது என்பதைக் காட்டுகிறதே தவிர, அதன் இயல்பைக் காட்டவில்லை.

புள்ளி அமைப்பு கைவிடும் இடங்களும் உண்டு. பென்சீனில் ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வரைகிறோம். அளந்தால் ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம், சுமார் 139 பிகோமீட்டர். பை எலக்ட்ரான்கள் வளையம் முழுக்கப் பரவியிருப்பதை ஒரே படத்தில் காட்ட வழியில்லாததால் இரண்டு படம் வரைந்து உடனிசைவு என்கிறோம். மூலக்கூறு இரண்டு படத்துக்கும் நடுவே மாறி மாறித் துள்ளுவதாக நினைக்கக் கூடாது. ஆக்சிஜனில் சிக்கல் இன்னும் பெரியது. புள்ளி வைத்தால் அழகான இரட்டைப் பிணைப்பு, எல்லா எலக்ட்ரான்களும் இணையாக. ஆனால் திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அது அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். இணையாகாத எலக்ட்ரான்கள் இருந்தால்தான் அப்படி ஈர்க்கப்படும். மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கைப்படி நிரப்பினால் கடைசி இரண்டு எலக்ட்ரான்கள் சம ஆற்றலுள்ள இரண்டு எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்களில் தனித்தனியாகப் போய் அமர்கின்றன. கணக்கும் காந்தமும் ஒத்துப்போகின்றன.

இனி மூன்றாவது கேள்வி. மெழுகு உருகும்போது அதில் உள்ள சகப்பிணைப்பு ஒன்றுகூட உடைவதில்லை. மெழுகு என்பது நீண்ட கார்பன் சங்கிலி மூலக்கூறுகளின் குவியல். சங்கிலிக்குள் இருப்பது சகப்பிணைப்பு, வலுவானது. ஒரு சங்கிலிக்கும் பக்கத்துச் சங்கிலிக்கும் இடையே இருப்பது மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பான வாண்டர்வால்ஸ் விசை, மிக மென்மையானது. சூடு அதைத்தான் தளர்த்துகிறது. நீரில் எண்ணோடு பார்க்கலாம்: கொதிநிலையில் ஒரு மோல் நீரை ஆவியாக்க சுமார் 41 கிலோஜூல் போதும். அதே ஒரு மோல் நீரின் பிணைப்புகள் எல்லாவற்றையும் உடைத்து அணுக்களாக்க 926 கிலோஜூல் வேண்டும். நீராவியும் நீர் மூலக்கூறுதான் என்பது இதிலிருந்தே தெரிகிறது. மீத்தேன் மைனஸ் 161 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதன் பிணைப்புகளைச் சூட்டினால் மட்டும் சிதைக்க வேண்டுமென்றால் ஆயிரம் டிகிரிக்கு மேல் போக வேண்டும். சர்க்கரை கொஞ்சம் வேறு மாதிரி. உருகும் வெப்பநிலையை ஒட்டியே அது பழுப்பாகிக் கருகத் தொடங்குகிறது. அந்த நிறமாற்றம் உண்மையிலேயே பிணைப்புகள் உடைந்து புதிதாக அமைவதன் அடையாளம்.

சகப்பிணைப்பின் முழு வலுவையும் பார்க்க வேண்டுமென்றால் தனித்தனி மூலக்கூறுகள் இல்லாத பொருளைப் பார்க்க வேண்டும். வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களோடு பிணைந்து, கல் முழுவதுமே ஒரே மூலக்கூறு போல் ஆகிவிடுகிறது. குவார்ட்ஸும் அப்படியே, உருக 1,700 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். இங்கே உருகுவது என்றாலே சகப்பிணைப்பை உடைப்பது.

கிராஃபைட்டில் இரண்டு நிலைமையும் ஒரே பொருளில் இருக்கின்றன. ஒரு படலத்துக்குள் பக்கத்துப் பக்கத்துக் கார்பன்களின் இடைவெளி 142 பிகோமீட்டர். வைரத்தில் இருக்கும் 154-ஐவிடக் குறைவு, பிணைப்பும் அதைவிட வலுவானது. படலத்துக்கும் படலத்துக்கும் இடையே 335 பிகோமீட்டர், அங்கே சகப்பிணைப்பே இல்லை. பென்சில் முனை காகிதத்தில் தேய்வது இந்த இரண்டாவது இடைவெளியில். கிராஃபைட்டை மிருதுவான பொருள் என்பதும், மூவாயிரம் டிகிரியைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும் பொருள் என்பதும் ஒரே நேரத்தில் சரியாக இருப்பது அதனால்தான்.